பழுப்பு என்பது நிறமா, சீழா? ஹார்மோன் கருத்தடைச் சாதனமும் வட்டவடைப் பெண்களின் மொழியும்

 சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசித்து, மாற்றுக்கருத்து இருப்பின் பின்னூட்டத்தில் எழுத வேண்டுகிறேன்.

கருப்பைக்குள் பொருத்தப்படும் ஹார்மோன் கருத்தடைச் சாதனம் பெண்ணின் யோனி நலத்தைக் கெடுக்குமா என்னும் கேள்வி, மருத்துவ வட்டங்களிலும் பெண்ணுரிமை வட்டங்களிலும் தொடர்ந்து எழுப்பப்பட்டு வருகிறது. நான் மருத்துவர் அல்லேன். மொழியியல் பயின்று, மொழிகள் சந்திக்கும் எல்லைப்புற ஊர்களின் பேச்சை ஆய்வு செய்து வருபவள். ஆயினும் இக்கேள்வியில் மொழியியலுக்கும் இடமுண்டு என்பதே என் வாதம். மருத்துவம் தரும் விடை பெருமளவு ஆறுதல் அளிப்பதுதான். ஆனால் அந்த விடை சில நிபந்தனைகளுக்கு உட்பட்டது. அந்நிபந்தனைகள் பெரும்பாலும் செவிலியருக்கும் பெண்ணுக்கும் இடையே நிகழும் உரையாடலைச் சார்ந்தவை. வட்டவடை போன்ற ஊரில் அவ்வுரையாடல் இரு மொழிகளுக்கு நடுவே நிகழ்கிறது. அங்கே ஒரு சொல் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் ஒருவகைப் பக்கவிளைவே.

முதலில் மருத்துவச் செய்தி. இச்சாதனம் 'டி' எழுத்தின் வடிவிலான சிறு நெகிழிச் சட்டம். பரவலாகப் பயன்படும் வகையில் 52 மில்லிகிராம் லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோன் இருக்கும். தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 மைக்ரோகிராம் அளவில் அது கருப்பைக்குள் கசியும். 1990இல் பின்லாந்தில் விற்பனைக்கு வந்தது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட எச்.எல்.எல். லைஃப்கேர் என்னும் பொதுத்துறை நிறுவனம் 'எமிலி' என்ற பெயரில் இத்தகைய சாதனத்தைத் தயாரிக்கிறது. அரசின் இலவசத் திட்டத்தில் நெடுங்காலமாக இடம்பெற்றிருப்பவை தாமிரம் சுற்றிய சாதனங்கள். மக்கள் வழக்கில் 'காப்பர்-டி'. இரண்டும் ஒரே இடத்தில் இருப்பவை. ஆனால் உடலில் ஏறத்தாழ எதிரெதிராக வேலை செய்பவை. தாமிரச் சாதனம் மாதவிடாய்ப் போக்கைச் சிலருக்கு மிகுவிக்கும். ஹார்மோன் சாதனம் அதைக் குறைக்கும். ஓராண்டு முடிவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பெண்ணுக்கு மாதவிடாய் முற்றிலும் நின்றிருக்கும். மிகையான உதிரப்போக்கால் இரத்தச்சோகைக்கு ஆளாகிக் கருப்பையை அகற்றிக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்படும் பெண்களுக்கு இது ஒரு மாற்று வழியாகவும் மருத்துவர்களால் பரிந்துரைக்கப்படுகிறது.

யோனி நலத்துக்கு வருவோம். நலமான யோனியில் லாக்டோபேசில்லஸ் என்னும் நுண்ணுயிர்கள் பெருகி லாக்டிக் அமிலத்தைச் சுரக்கின்றன. அமில–கார அளவு 3.8 முதல் 4.5 வரை நிற்கிறது. இவ்வமிலத்தன்மையே தீய நுண்ணுயிர்களுக்கு எதிரான முதல் அரண். லாக்டோபேசில்லஸின் உணவு யோனிச் சுவரில் சேரும் கிளைக்கோஜன். அதைச் சேர்ப்பது சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன். ஹார்மோன் சாதனத்தின் வேலை பெரும்பாலும் கருப்பைக்குள்ளேயே முடிந்துவிடுவதால், பெரும்பாலான பெண்களுக்குச் சூலகம் தன் பணியை நிறுத்துவதில்லை; ஈஸ்ட்ரோஜன் தொடர்கிறது. ஆகவே இச்சாதனம் யோனியை 'வறளச் செய்துவிடும்' என்ற பரவலான அச்சத்துக்கு உடலியல் ஆதாரம் வலுவாக இல்லை.

அப்படியானால் மாறுவது எது? முதன்மையாக, இரத்தம் வரும் ஒழுங்கு. பொருத்திய முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் ஒழுங்கற்ற சிறு கசிவு பலருக்கும் உண்டு. இரத்தம் காரத்தன்மை உடையது (7.4), நாள்கணக்கில் கசியும்போது யோனியின் அமில அரண் தளரும். அத்தளர்ச்சியில் பெருகக்கூடியதுதான் பாக்டீரியல் வஜைனோசிஸ் எனப்படும் நுண்ணுயிர்ச் சமநிலைக் குலைவு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வு, கருப்பைச் சாதனம் பொருத்தியவர்களிடம் இக்குலைவு கூடுதலாகக் காணப்படுவதுபோலத் தோன்றினாலும், உண்மையான தொடர்பு ஒழுங்கற்ற உதிரக் கசிவுடன்தான் என்று காட்டியது. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் நடந்து 2018இல் வெளியான மற்றோர் ஆய்வில், தாமிரச் சாதனம் பொருத்திய பெண்களிடையே இக்குலைவு 27 விழுக்காட்டிலிருந்து ஆறு மாதத்தில் 49 விழுக்காடாக உயர்ந்தது. இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால், கருப்பைக்குள் ஒரு பொருள் இருப்பதைவிட, உதிரம் எவ்வளவு, எத்தனை நாள் வருகிறது என்பதே கவனிக்கத்தக்கது என்று கருத இடமுண்டு. ஹார்மோன் சாதனத்தில் கசிவுக் காலம் ஒரு கட்டம். தாமிரச் சாதனத்தில் மிகுபோக்கு நீடிக்கக்கூடும்.

இன்னொரு செய்தி இதனினும் முதன்மையானது. 1992இல் 'லான்செட்' இதழில் வெளியான, உலக சுகாதார நிறுவனத்தின் தரவுகளை ஆராய்ந்த கட்டுரை, கருப்பைச் சாதனங்களால் இடுப்பறை அழற்சி நேரும் வாய்ப்பு பொருத்திய முதல் 20 நாள்களில்தான் மிகுதி என்றும், அதன்பின் மிகக் குறைந்துவிடுகிறது என்றும் காட்டியது. பொருத்தும் செயலோடு, முன்பே இருந்த தொற்று மேலேறுவதற்கான வழியும் திறக்கிறது என்பதே இதன் விளக்கம். ஆகவே பொருத்துவதற்கு முன் தொற்று இருக்கிறதா என அறிவதே பெரும் பாதுகாப்பு. ஆய்வகம் அருகில் இல்லாத இடத்தில் அதை அறியும் முதல் கருவி, கேள்வி: நிறம் என்ன? வாடை உண்டா? அரிப்பு உண்டா? எத்தனை நாளாக?

இக்கேள்விகளை வட்டவடையில் எந்த மொழியில் கேட்பது?

அறியாதவர்களுக்காகச் சில சொற்கள்: வட்டவடை கேரளத்தின் இடுக்கி மாவட்டம், தேவிகுளம் வட்டத்தைச் சேர்ந்த மலையூர், மூணாற்றிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர். கோவிலூர், கொட்டாக்கம்பூர், சிலந்தியார், பழத்தோட்டம் எனப் படிக்கட்டு வயல்கள் சூழ்ந்த சிற்றூர்களும், முதுவர் பழங்குடியினரின் குடிகளும் கொண்ட ஊராட்சி. தமிழே இங்கே வீட்டுமொழி. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் தங்கின என்பது நாம் அறிந்த வரலாறு. அதன் விளைவு அன்றாடச் சொற்களில் தெரியும். இவ்வூரின் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பதிவான பெயரில் இருப்பது 'வெளுத்துள்ளி'. அதை விதைத்து, களையெடுத்து, கட்டுக்கட்டித் தொங்கவிடும் பெண்கள் சொல்வது 'பூண்டு'. பூண்டுக்கு இரண்டு பெயர் இருப்பதால் ஒருவருக்கும் நோய் வருவதில்லை. உடலுக்கு இரண்டு மொழி இருந்தால் நிலைமை வேறு.

மூன்று சொற்களை மட்டும் எடுத்துக்காட்டுகிறேன்.

முதற்சொல், பழுப்பு. மலையாளத்தில் 'பழுப்பு' என்றால் சீழ். தொற்று முற்றியதன் அடையாளம். இன்றைய தமிழ்ப் பேச்சில் பழுப்பு என்பது நிறம். ஹார்மோன் சாதனம் பொருத்திய பெண்ணுக்கு முதல் மாதங்களில் மிக இயல்பாகக் காணப்படுவது என்ன? பழைய இரத்தம் சிறிதுசிறிதாகக் கசியும் பழுப்பு நிறம். "பழுப்பு உண்டோ?" என்று மலையாளத்தில் கேட்கப்படும்போது, தமிழ்ப்பெண் "ஆமாம், இருக்கிறது" என்று உண்மையையே சொல்லுவாள். கேட்டவர் சீழ் என்று குறித்துக்கொள்வார். தேவையற்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தோ, சாதனத்தை அகற்றும் முடிவோ பின்தொடரலாம். இருவருள் ஒருவரும் பொய் சொல்லவில்லை; ஒருவரும் கவனக்குறைவாக இல்லை.

இரண்டாம் சொல், மணம். மலையாளத்தில் மணம் என்பது பொதுவாக வாடை; நல்லதாகவும் தீயதாகவும் இருக்கலாம். தமிழில் மணம் நறுமணமே. பாக்டீரியல் வஜைனோசிஸை இனங்காணும் தலையாய அறிகுறிகளுள் ஒன்று மீன்கவிச்சை போன்ற வாடை. "மணம் உண்டோ?" என்ற கேள்விக்குத் தமிழ்ப்பெண் என்ன விடை சொல்லுவாள்? "இல்லை" என்பாள். முன்னதில் இல்லாத நோய் உண்டாக்கப்பட்டது. இங்கே இருக்கும் நோய் மறைக்கப்படுகிறது. பொருத்துவதற்கு முன் கேட்கப்படும் கேள்வி இதுவானால், இந்த 'இல்லை'யின் விலை என்ன என்பதை மேலே சொன்ன முதல் 20 நாள்களோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாம் சொல், மலையாளத்தின் 'வெள்ளப்போக்கு'. தமிழ்ச் செவிக்கு வெள்ளம் பெருக்கெடுத்து ஓடுவது. போக்கு என்றால் வயிற்றுப்போக்கு நினைவுக்கு வரும். "அவ்வளவெல்லாம் இல்லை" என்ற விடை இயல்பானது. தமிழில் இதற்குரிய சொல் 'வெள்ளைப்படுதல்'. இச்சொல்லிலும் சிக்கல் உண்டு. 'படு' என்னும் துணைவினையைக் கவனியுங்கள்: துன்பப்படு, அவதிப்படு, நோய்வாய்ப்படு. பெயரோடு சேர்ந்து ஒன்றை ஏற்று அனுபவிப்பதைக் குறிக்கும் வினை அது. மாதச் சுழற்சிக்கு ஏற்பத் தெளிந்தும் தடித்தும் வரும் இயல்பான கசிவைக் குறிக்க நமக்குத் தனிச்சொல் இல்லை. வெள்ளை 'பட்டாலே' உடல் உருகுகிறது, சூடு ஏறிவிட்டது, எலும்பு தேய்கிறது என்ற எண்ணம் அச்சொல்லோடு சேர்ந்தே வருகிறது.

சொல்லும் நோயும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதில்லை என்பதற்கு இந்தியாவிலேயே இரண்டு சிறந்த ஆய்வுகள் உண்டு. மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் இரண்டு சிற்றூர்களைச் சேர்ந்த 650 பெண்களை ஆராய்ந்து, ராணி பங், அபய் பங் இணையரும் அவர்தம் குழுவினரும் 1989இல் வெளியிட்ட முடிவு: 92 விழுக்காட்டினருக்கு மகளிர் நோயோ பால்வினை நோயோ இருந்தது, உடல்நலக் குறை இருப்பதாகச் சொன்னவர்கள் 55 விழுக்காட்டினர், முன்னர் ஒருமுறையேனும் மகளிர் மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 விழுக்காட்டினர் மட்டுமே. அதாவது, நோய் இருந்தும் சொல் எழவில்லை. கோவாவில் விக்ரம் பட்டேலும் உடனாய்வாளர்களும் செய்த ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது: வெள்ளைப்படுகிறது என்ற முறையீட்டோடு தொற்றைவிட மனச்சோர்வும் வாழ்க்கைத் துன்பங்களுமே நெருக்கமாகத் தொடர்பு கொண்டிருந்தன. அங்கே, தொற்று இல்லாமலும் சொல் எழுந்தது. வேறொரு வலியைச் சொல்ல அச்சொல்லே கிடைத்தது. ஒரே மொழிக்குள்ளேயே இவ்வளவு இடைவெளி என்றால், இரு மொழிகளுக்கு நடுவே எவ்வளவு?

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்புதான். வட்டவடைத் தமிழர்களுக்கு மலையாளம் தெரியாதா? தெரியும். சந்தையிலும் பேருந்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் தடையின்றிப் பேசுவோர் பலர். இளையோர் பள்ளியிலும் பயில்கின்றனர். செவிலியர்களிலும் தமிழ் புரிந்தவர்கள் நிறைய உண்டு. ஆனால் ஒருவருக்கு ஒரு மொழி தெரியும் என்பது எல்லாக் களங்களிலும் தெரியும் என்பதாகாது. பூண்டின் விலையைப் பேசும் மலையாளத்தைக் கடைவீதி கற்றுத் தரும். யோனியைப் பற்றிப் பேசும் மலையாளத்தை ஒரு தமிழ்ப்பெண் எங்கே கற்றிருப்பாள்? அதைப் பற்றிப் பேசும் தமிழையே நாம் அவளுக்குக் கற்றுத் தரவில்லை. மேலும், இரு மொழிகளும் முற்றிலும் வேறானவையாக இருந்தால் புரியவில்லை என்றாவது தெரிந்துவிடும், மொழிபெயர்ப்பவரைத் தேடுவோம். உடன்பிறந்த மொழிகளில் புரிந்துவிட்டது என்ற மயக்கமே ஆபத்து. பழுப்பும் மணமும் அத்தகைய மயக்கத்தின் சொற்கள்.

அடுத்து, முதுவர் பெண்களின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். மாதவிடாய் நாள்களில் பெண்கள் தனிக்குடிலில் தங்கும் வழக்கம் முதுவர் குடிகளில் இருந்து வந்துள்ளது. அக்குடிலை 'வாலாய்மப்புரை' என்கின்றனர். தமிழின் பழஞ்சொல்லான வாலாமையை இதில் எளிதில் அடையாளம் காணலாம்: 'வால்' என்றால் வெண்மை, தூய்மை, வாலாமை, தூய்மையற்ற நிலை. ஓரிடத்தில் வெண்மை இல்லாதது தீட்டு. மற்றோரிடத்தில் வெள்ளையே நோய். பெண்ணின் உடலுக்கு எந்த நிறத்தையும் நாம் விட்டுவைக்கவில்லை.

இதே தேவிகுளம் வட்டத்தில், 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக உருவான இடமலைக்குடியில், முதுவர் பெண்கள் இக்குடில் வாசத்தைத் தவிர்க்கக் கருத்தடை மாத்திரைகளை இடைவிடாமல் உட்கொள்வதாகச் செய்திகள் பலமுறை வெளியாயின. 28 மாத்திரைகள் கொண்ட அட்டையில் 21 மட்டுமே ஹார்மோன். எஞ்சிய ஏழும் இரும்புச்சத்து. அந்த ஏழு நாள்களில்தான் உதிரம் வரும். அவ்வேழையும் விட்டுவிட்டு அடுத்த அட்டைக்குத் தாவினால் உதிரம் வராது. அட்டையின் பொறியமைப்பை அவர்கள் நன்றாகவே புரிந்துகொண்டிருந்தனர். மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் அதைத் தொடர்வதன் கேட்டைத்தான் எவரும் அவர்களுக்கு உரிய மொழியில் எடுத்துரைக்கவில்லை. செய்திகள் இதை 'அறியாமை' என்றன. எனக்கு அது, கிடைத்த ஒரே கருவியைக் கொண்டு ஒடுக்குமுறையிலிருந்து ஓய்வு பெறும் முயற்சியாகத் தோன்றுகிறது.

இப்பின்னணியில் மாதவிடாயைக் குறைக்கும் ஹார்மோன் சாதனம் ஒரு நல்ல தீர்வு என்று ஒருவர் பரிந்துரைக்கக்கூடும். அது தவறான பரிந்துரை என்று சொல்லமாட்டேன். மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவதைவிட அது பொருத்தமாகவும் இருக்கலாம். ஆனால் முதல் ஆறு மாதக் கசிவைப் பற்றி அவளுக்குத் தெளிவாகச் சொல்லாவிட்டால் நிகழ்வது என்ன? நகரத்துப் பெண்ணுக்கு அது எரிச்சலூட்டும் ஒரு சிறு தொல்லை. ஒரு மெல்லிய அணையாடை போதும். குடிலுக்குப் போகக் கடமைப்பட்டவளுக்கோ கசியும் ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வெளியே கழியும் நாள். குடிலைத் தவிர்க்கப் பொருத்திக்கொண்ட சாதனம் அவளை அங்கேயே குடிவைத்துவிடும். மருத்துவக் கையேட்டில் 'சிறு பக்கவிளைவு' என்று அச்சிடப்பட்டிருப்பதன் அளவு, அதை வாசிப்பவர் வாழும் வீட்டைப் பொறுத்தது.

இந்நாடு இப்பாடத்தை ஒருமுறை படித்ததுதான். 1965இல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் லிப்பஸ் லூப் பெரும் நம்பிக்கையோடு அறிமுகமானது. உதிரப்போக்கு வரக்கூடும் என்று முன்கூட்டிச் சொல்வதும், வந்தபின் கவனிப்பதும் போதிய அளவில் நடைபெறவில்லை. வதந்தி பரவியது, பெண்கள் விலகினர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21), மணமான பெண்களில் கருப்பைச் சாதனம் பயன்படுத்துவோர் 2.1 விழுக்காட்டினர், அறுவைவழிக் கருத்தடை செய்துகொண்டோர் 37.9 விழுக்காட்டினர். திரும்பப் பெறக்கூடிய முறைக்கும் திரும்பப் பெற முடியாத முறைக்கும் இடையே உள்ள இவ்விடைவெளிக்குக் காரணங்கள் பல. சொல்லப்படாத சொற்களும் அவற்றுள் ஒன்று.

செய்ய வேண்டியவை பெரிய செலவு கோருபவை அல்ல. கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசோடு தொடர்புகொள்ளும் உரிமையை ஏற்கிறது. கடிதத்துக்கு உள்ள அவ்வுரிமை உடலுக்கும் வேண்டும். முதலாவதாக, சாதனம் பொருத்துமுன் கேட்கும் கேள்விகள் இப்பகுதித் தமிழில் எழுதப்பட்டு, அவ்வூர்ப் பெண்களிடமே படித்துக்காட்டிச் சரிபார்க்கப்பட வேண்டும். சென்னையில் அச்சிட்ட துண்டறிக்கையைக் கொண்டுவந்து கொடுப்பது போதாது. 'பிறப்புறுப்புத் திரவக்கசிவு' என்பது மலையாளத்தைவிட அயலாக ஒலிக்கும். இரண்டாவதாக, கேள்வி நோயின் பெயரைக் கேட்காமல் கண்ணும் மூக்கும் அறிவதைக் கேட்க வேண்டும்: தயிர் திரிந்தாற்போலக் கட்டியாக வருகிறதா, மீன்கவிச்சை அடிக்கிறதா, துணியில் காய்ந்தபின் என்ன நிறம்? மூன்றாவதாக, 'காப்பர்-டி'யும் ஹார்மோன் சாதனமும் ஒரே பெயரால் வழங்கப்படக் கூடாது. 'லூப்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டும் அடங்கியிருக்கும்வரை, ஒருத்திக்குத் தாமிரத்தால் வந்த மிகுபோக்கு, மற்றொருத்தியின் ஹார்மோன் சாதனத்தைப் பற்றிய அச்சமாகும். நான்காவதாக, முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு நாள்காட்டித் தாள்: கசிந்த நாளைப் புள்ளியிட, காய்ச்சல், அடிவயிற்று வலி, துர்நாற்றம் மூன்றில் ஒன்று வந்தாலும் காத்திராமல் மருத்துவமனை செல்ல. ஊரின் ஆஷா பணியாளர்கள் இத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.

இறுதியாக ஆய்வுலக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லைப்புறக் கிளைமொழி பற்றிய நம் ஆய்வேடுகளில் உறவுப்பெயர், வேளாண்சொல், உணவுப்பெயர் எல்லாம் பட்டியலாக இருக்கும். பெண்ணுடலின் சொற்கள் இருக்கும் பக்கம் பெரும்பாலும் இராது. கேட்கக் கூசினோம், அல்லது கேட்கத் தகுந்தவர்களாக நம்மை ஆக்கிக்கொள்ளவில்லை. மருத்துவ மாணவர்கள் 'நோயாளி விவரம் சரியாகச் சொல்லவில்லை' என்று எழுதும் இடத்தில், எந்தச் சொல்லால் கேட்டோம் என்பதையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். இடுக்கியிலும் பாலக்காட்டு எல்லையிலும் பணிபுரியும் செவிலியர், மருத்துவர் எவரேனும் இதை வாசித்தால், பழுப்பையும் மணத்தையும் போல நீங்கள் எதிர்கொண்ட சொற்களைப் பின்னூட்டத்தில் பகிருங்கள்; எவருடைய அடையாளமும் வெளிப்படாதவாறு. பத்துச் சொற்கள் சேர்ந்தாலும் ஒரு பக்கத் தாளுக்குப் போதும்; ஒரு பக்கத் தாளிலிருந்தே தொடங்கலாம்.